சுழல்பெட்டி

அல்மேரியாவில் எங்கள் மடத்துச் சுவரில்
மரத்தாலான சுழல்பெட்டி ஒன்று உண்டு.
வெளியே நிற்பவர் காசு வைத்துத் திருப்புவார்,
உள்ளிருந்து நான் பாதாம் மிட்டாய் வைத்துத் திருப்புவேன்.
முகம் பார்ப்பதில்லை.
பதினோரு வருடமாக இந்த ஊர் எனக்குக்
குரல்களும், விரல்சூடு ஆறாத சில்லறையும்.

மாடியிலிருந்து பார்த்தால் கடல்.
அதற்கு முன் இன்னொரு கடல்,
வெள்ளை பிளாஸ்டிக் கூடாரங்களால் ஆனது, அலையில்லாதது.
அதற்குள் தக்காளி.
தக்காளிக்குள் ஆட்கள்.

ஜூலையில் ஒரு குரல் மிட்டாய் கேட்கவில்லை.
"தண்ணீர்," என்றது.
திரும்பிவந்த பெட்டியில் ஐந்து லிட்டர் கேன்,
பூச்சிமருந்து லேபிளைச் சுரண்டிய தடத்தோடு.
குடிசைப் பக்கத்துக் குழாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார்களாம்.
நிமிர்த்தினால் பெட்டியில் இடிக்கும்;
மூடியை இறுக்கிக் குழந்தையைப் போலப் படுக்கவைத்தேன்.

அவன் பெயர் இத்தர். அட்லஸ் மலைக்காரன்.
விடியலில், வேலைக்குப் போகும் வழியில் வருவான்.
மடத்துக்கு வருமுன் நான் முர்சியாவில் கணக்கெழுதினவள்;
பழக்கம் விடவில்லை.
மிட்டாய் நோட்டின் ஓரத்தில்
ஒவ்வொரு விடியலுக்கும் ஒரு கோடு.

மாதம் முடிந்து கேனோடு ஒரு சீட்டு வந்தது.
"சிஸ்டர், இதில் எத்தனை நாள் போட்டிருக்கிறது?"
பொய்க் கணக்குக்கு ஒரு வாடை உண்டு.
பதினோரு வருடச் சாம்பிராணியும் அதை மறக்கவைக்கவில்லை.
சீட்டில் ஒன்பது.
என் நோட்டில் இருபத்தாறு.

அன்று மாலை கண்ணை மூடினால்
ஆண்டவர் வரவில்லை, பதினேழு வந்தது.
ஜெபமாலையில் பதினேழாம் மணியில் விரல் நின்றது.
பராக்கு என்று பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன்.
சாமியார் வெகுநேரம் பேசவில்லை.
பிறகு கேட்டார்: "யாருடைய பதினேழு?"

கூடாரங்களின் சொந்தக்காரர் எவரிஸ்தோ.
எங்கள் கோயிலுக்குப் பாதிக் கூரை ஓடு மாற்றித் தந்தவர்,
மீதியும் தருவதாகச் சொன்னவர்.
"உண்ட வீட்டுக்கு இரண்டகமா?" என்றாள் கசில்தா.
யார் உழைப்பை யார் உண்டது என்று கேட்க வாயெடுத்தேன்.
பேசா நேரத்துக்கு மணி அடித்துவிட்டது.
விழுங்கினேன்.
காலையில் பார்த்தால் சூடு வடிந்து
வெறும் கணக்காகக் கிடந்தது.
இதற்குத்தான் அந்த மணியோ என்னவோ.

மடத்தலைவி பெலாயா முடிவு சொல்லவில்லை.
"இன்னும் ஒரு மணி நேரம் உட்காருவோம்."
எனக்கு எரிச்சல்.
வெளியே நாற்பத்திரண்டு டிகிரி; இங்கே உட்காருவோமாம்.
நம் மௌனத்தைச் சம்மதம் என்று
அந்த ஆள் எழுதிக்கொள்ள மாட்டாரா?
உட்கார்ந்தோம்.
பதினாலு பேர், ஒரு ஈ.

எழுந்ததும் பெலாயா
பேசுமறைக் கம்பிக்கதவின் சாவியை என் கையில் வைத்தார்.
"தொழிலாளர் துறைக்கு நானே எழுதிவிட்டேன்.
வியாழன் வருகிறார்கள்.
நோட்டை எடுத்துப் போ.
பார்த்ததைச் சொல். பார்க்காததைச் சொல்லாதே."

"முகத்தைப் பார்த்ததில்லை," என்று தொடங்கினேன்.
அதிகாரி பேனாவை மூடப்போனார்.
"இருபத்தாறு," என்றேன்.
சங்கீதம் பாடியே பழகிய தொண்டை;
எண் ராகத்தோடு வந்தது.
அவர் நிமிர்ந்தார். எனக்குக் காது சுட்டது.
இரண்டாம் தடவை சந்தைக்காரி மாதிரிச் சொன்னேன்.

மீதிக் கூரை வரவில்லை.
அக்டோபர் மழையில் பாடகர் வரிசைக்கு நடுவே வாளி.
இரவு ஜெபத்தில் ஒவ்வொரு சொட்டுக்கும்
கசில்தா என்னைப் பார்க்கிறாள்.
வழக்கு மார்ச்சுக்குத் தள்ளிப்போயிருக்கிறது.
இத்தர் ஸ்ட்ராபெரி பறிக்க ஹுவெல்வா போய்விட்டதாக
வேறொரு குரல் சொன்னது.
குழாய்ப் பூட்டை எடுத்துவிட்டார்கள் என்றும்.

கேன் வருவது நின்றுவிட்டது. நல்லதுதான்.
இருந்தும் விடியலில்
காலிப் பெட்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறேன்.
அதற்கும் ஒரு கோடு போடுகிறேன்,
வரவிலா செலவிலா தெரியாமல்.